முதல் கேமிங் கணினி, கையில் 2,300 வெள்ளி: இந்தப் பட்டியல் தேறுமா?

தெம்பனிஸ் தம்பி · சனி, காலை 10:12

வணக்கம். தேசிய சேவை முடிந்துவிட்டது, ஆகஸ்டில் பல்கலைக்கழகம். இத்தனை நாளும் அண்ணன் கழித்துக் கொடுத்த மடிக்கணினியில்தான் விளையாடினேன். அது இப்போது சத்தம் போடுவதை மட்டும்தான் ஒழுங்காகச் செய்கிறது. சொந்தமாக ஒன்று கட்டலாம் என்று இருக்கிறேன். திரையும் சேர்த்து 2,300 வெள்ளி. அதற்கு மேல் போக வழியில்லை.

விளையாடுவது: நண்பர்களோடு இணையத்தில் சுடும் விளையாட்டான வெலரன்ட், அது பாதி வாரம். எல்டன் ரிங். சைபர்பங்க் 2077 வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடவில்லை.

காணொளிகளைப் பார்த்துப் போட்ட பட்டியல்:

இன்டெல் கோர் ஐ7-14700கேஎஃப் பிராசசர்
360 மிமீ வாட்டர் கூலர்
ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி
டிடிஆர்5 ரேம் 16 ஜிபி, ஒரே குச்சி (பிறகு இன்னொன்று போடலாம் என்று)
ஜென்5 எஸ்எஸ்டி (சேமிப்பகம்) 2 டிபி
850 வாட் பிளாட்டினம் பவர் சப்ளை
முன்பக்கம் கண்ணாடி வைத்த கேஸ், ஏழு விசிறி
27 அங்குலம், 4கே, 60 ஹெர்ட்ஸ் திரை

கூட்டினால் 400 வெள்ளி இடிக்கிறது. எதைக் குறைப்பது?

சிம்லிம் பழசு · சனி, காலை 10:40

தம்பி, ராஜகோபுரத்தை எழுப்பிவிட்டு மூலவர் சன்னதிக்குக் காசில்லாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது உன் பட்டியல். விளையாட்டில் படத்தை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. உன் பட்டியலிலேயே ஆகச் சின்னது அதுதான். கூலரும் கேஸும் எஸ்எஸ்டியும் சேர்ந்து கார்டைவிட அதிகம் தின்கின்றன.

எதைக் குறைப்பது என்ற கேள்வியை ஓரமாக வை. எந்தத் திரையில் விளையாடப் போகிறாய்? அதைச் சொல், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

தெம்பனிஸ் தம்பி · சனி, காலை 10:51

திரைதான் 4கே போட்டிருக்கிறேனே அண்ணே. தள்ளுபடியில் இருந்தது.

மலர் உட்லண்ட்ஸ் · சனி, காலை 11:20

தம்பி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1080பி திரையில் ஏறக்குறைய 2.1 மில்லியன் புள்ளிகள். 1440பி என்றால் 3.7 மில்லியன். 4கே என்றால் 8.3 மில்லியன். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு இத்தனை புள்ளிகளையும் வரைய வேண்டும். 1080பிக்கு என்று செய்த 5060 கார்டைக் கொண்டுபோய் நான்கு மடங்கு புள்ளிகளுக்கு முன்னால் நிறுத்துகிறீர்கள். எல்டன் ரிங்கே திணறும், சைபர்பங்க்கைச் சொல்லவே வேண்டாம்.

அதோடு 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம்தான் காட்டும். வெலரன்ட் எந்தச் சாதாரண கணினியிலும் 200 ஃப்ரேமைத் தாண்டி ஓடும். அதில் 140 ஃப்ரேம் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது.

என் யோசனை: 27 அங்குலம், 1440பி, 165 அல்லது 180 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை). இப்போது இந்த வகைத் திரைகள் ஏராளம், விலையும் இறங்கிவிட்டது. திரையை ஐந்தாறு வருடம் வைத்திருப்பீர்கள், கார்டு அதற்குள் மாறிவிடும்.

ஃப்ரேம் பைத்தியம் · சனி, காலை 11:34

அக்கா சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பாதி வாரம் வெலரன்ட் என்றால் 24 அங்குலம், 1080பி, 240 ஹெர்ட்ஸ். முடிந்தது கதை. ரேங்க் ஏற ஆசை இருக்கிறவனுக்கு 1440பி அழகு எதற்கு? கார்டிலும் 8 ஜிபி போதும், மிச்சக் காசில் நல்ல மவுஸ் வாங்கு.

மலர் உட்லண்ட்ஸ் · சனி, காலை 11:47

வெலரன்ட் மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இவர் எல்டன் ரிங்கும் சைபர்பங்க்கும் கேட்கிறார். எல்டன் ரிங் 60 ஃப்ரேமில் பூட்டப்பட்ட விளையாட்டு, 240 ஹெர்ட்ஸ் அங்கே எதற்கும் உதவாது. மேலும் இவர் மாணவர். இரண்டு ஆவணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வேலை செய்ய 24 அங்குல 1080பி எவ்வளவு நெரிசல் என்று எனக்குத் தெரியும்.

தெம்பனிஸ் தம்பி · சனி, மதியம் 12:15

நான் தங்கம் இரண்டைத் தாண்டியதில்லை, ரேங்க் பற்றிக் கவலை வேண்டாம். 1440பி 180 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கார்டு?

நீலத்திரை · சனி, மதியம் 1:05

இப்போதுதான் இழை சரியான இடத்துக்கு வந்திருக்கிறது.

1440பிக்கு இந்தக் காசில் பார்க்க வேண்டியவை இரண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. இரண்டும் 2025இல் வந்தவை. அமெரிக்காவில் அறிமுக விலை முறையே 429, 349 டாலர். அந்த விலையில் வரி சேராது, நம் சிங்கப்பூரில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்துதான் அட்டையில் எழுதுவார்கள். டாலரை வெள்ளியாக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

கவனம்: இரண்டு கார்டுகளுக்கும் அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. பெட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சத்தைக் கணினியின் ரேமில் போய் எடுக்க வேண்டும். அந்த வழி கார்டின் சொந்த நினைவகத்தை ஒப்பிட்டால் மிக மெதுவானது. சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியும், ஆனால் தெருமுனை திரும்பும்போது படம் ஒரு நொடி உறையும். சில விளையாட்டுகளில் உறைவதில்லை, சத்தமில்லாமல் சுவரின் தோற்றத்தை மங்கலாக்கிவிடும். இதெல்லாம் சோதனை வரைபடத்தில் வராது.

இரண்டில் எது? சைபர்பங்க்கில் ரே டிரேசிங்கை (ஒளி நிஜத்தில் படுவது போலக் கணக்கிட்டு வரைவது) முழுக்கத் திறந்து பார்க்க ஆசை என்றால் என்விடியா. குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கும் அதன் டிஎல்எஸ்எஸ் நுட்பம் கிட்டத்தட்ட எல்லாப் பெரிய விளையாட்டிலும் இருக்கிறது. அந்த ஆசை இல்லை என்றால் 9060 எக்ஸ்டி. ஏஎம்டியின் அதே வகை நுட்பமான எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு படத் தரத்தில் பழைய இடைவெளி இல்லை, ஆனால் அது ஓடும் விளையாட்டுகள் குறைவு. நான் 9060 எக்ஸ்டி பக்கம்தான் சாய்வேன். உன் பட்ஜெட்டில் அந்த விலை வித்தியாசம் ரேமுக்குத் தேவைப்படும். ரேம் விலையைப் பார்த்தாயா?

ஜூரோங் கெழுவர் · சனி, மதியம் 1:30

ஏன் புதுசு? பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் ஆர்டிஎக்ஸ் 3080 கிடைக்கிறது. 2020இல் எல்லோரும் வரிசையில் நின்ற கார்டு. பாதி விலைக்கு அள்ளலாம்.

நீலத்திரை · சனி, மதியம் 1:42

10 ஜிபி, 320 வாட், ஐந்து வருடத்துக்கு மேல் பழசு. 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட் போதும். 3080க்குப் பெரிய பவர் சப்ளை, பெரிய கேஸ், அறையில் இரண்டு மடங்கு சூடு. முதல் கணினி கட்டும் ஆளுக்கு அது வேண்டாத தலைவலி. ஏதாவது ஓடவில்லை என்றால் கார்டு கெட்டதா, தான் மாட்டியது தப்பா என்றே அவருக்குத் தெரியாது.

சிம்லிம் பழசு · சனி, மதியம் 2:10

கெழுவர் சொல்வதையும் முழுதாகத் தள்ள வேண்டாம். கேஸ், கூலர், திரை இதையெல்லாம் பழசில் வாங்கலாம், கண்ணால் பார்த்தாலே தெரியும். கார்டு வாங்குவதென்றால் எம்ஆர்டி ரயில் நிலையக் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பை மாற்றிக்கொள்கிற வேலை ஆகாது. விற்பவர் வீட்டுக்குப் போய், அரைமணி நேரம் ஏதாவது கனமான விளையாட்டை ஓடவிட்டுப் பார். வீட்டுக்கு வரவேண்டாம் என்றால் வாங்கவும் வேண்டாம்.

இன்னொன்று. 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம், பொருளைக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது ஆரம்பத்திலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. பழைய பொருளுக்கும் உண்டு. ஆனால் கடை, நிறுவனம் விற்றால்தான். கரோசலில் தனி ஆள் தனி ஆளுக்கு விற்றதற்கு அது பொருந்தாது.

தெம்பனிஸ் தம்பி · சனி, மாலை 4:20

ரேம் விலையைப் பார்த்துவிட்டு வருகிறேன். இது என்ன கொடுமை? என் நண்பன் 2025 நடுவில் கட்டினான். அவன் ரசீதில் 32 ஜிபிக்கு இருக்கும் தொகையில் இன்று 16 ஜிபி கூட வராது போலிருக்கிறது.

நீலத்திரை · சனி, மாலை 4:45

செயற்கை நுண்ணறிவு தரவு மையங்கள். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், மூன்று பேர்தான் உலகத்துக்கே பெரும்பாலான நினைவகச் சில்லுகளைச் செய்கிறார்கள். தரவு மையக்காரர்கள் கேட்கும் வகைக்கு லாபம் அதிகம், ஆலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2025 கடைசியிலிருந்து விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன்னுடைய குரூஷியல் பிராண்டையே, நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளருக்கு விற்பதை, நிறுத்துவதாக அறிவித்தது. எஸ்எஸ்டிக்கும் அதே காற்று அடிக்கிறது.

காத்திருந்தால் இறங்குமா என்று கேட்டால் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகஸ்டுக்குள் வேண்டும் என்றால் வாங்கு.

ஃப்ரேம் பைத்தியம் · சனி, மாலை 5:02

அப்படியென்றால் அவன் பட்டியலில் இருந்த ஒரே குச்சி 16 ஜிபி சரிதானே? பிறகு இன்னொன்று வாங்கிச் செருகலாம்.

நீலத்திரை · சனி, மாலை 5:30

மதர்போர்டு ரேமோடு இரண்டு தடத்தில் பேசும். ஒரே குச்சி என்றால் ஒரு தடம் சும்மா கிடக்கும், பிராசசர் தீனிக்குக் காத்திருக்கும். வெலரன்ட் மாதிரி பிராசசரை நம்பி ஓடும் விளையாட்டில் அது பளிச்சென்று தெரியும். பிறகு வாங்கிச் செருகுவதிலும் சிக்கல்: ஒரே மாடல் எண் என்றாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம். இரண்டும் ஒன்றாக முழு வேகத்தில் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

இரண்டு 8 ஜிபியும் எனக்குப் பிடிக்கவில்லை. டிடிஆர்5இல் 8 ஜிபி குச்சிகள் குறைந்த எண்ணிக்கையில் அகலமான சில்லுகள் வைத்துச் செய்யப்படுபவை, 16 ஜிபி குச்சியைவிடக் கொஞ்சம் மெதுவாகவே ஓடும். புதிய விளையாட்டுகள் பல 16 ஜிபியை முட்டுகின்றன, பின்னால் குரோமும் டிஸ்கார்டும் ஓடும்.

ஆகவே இரண்டு 16 ஜிபி, 6000 வேகம், சிஎல்30 (தாமதத்தைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது). சிஎல்36 மலிவாகக் கிடைத்தால் அதையே எடு, வித்தியாசம் சில விழுக்காடுதான். வலிக்கும். ஆனால் அந்த வலியைக் கூலரிலும் கேஸிலும் எஸ்எஸ்டியிலும் சரிக்கட்டலாம்.

ஜூரோங் கெழுவர் · சனி, மாலை 5:48

நான் இதில் ஒத்துவரமாட்டேன். 16 ஜிபியில் இன்றைக்கும் எல்லாம் ஓடுகிறது. என் மகன் சைபர்பங்க்கை அதில்தான் முடித்தான். விலை இப்படி இருக்கும்போது இரண்டு 8 வாங்கி ஓட்டிவிட்டு, இறங்கியதும் மொத்தமாக மாற்றலாம். இந்த விலையில் பழைய குச்சியை விற்றாலும் காசு வரும்.

மலர் உட்லண்ட்ஸ் · சனி, இரவு 7:15

கெழுவர் அண்ணன் சொல்வதும் ஒரு வழிதான். கையில் 1,800 வெள்ளி மட்டும் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். 2,300இல் 32க்கு இடம் இருக்கிறது, பிராசசரில் அடக்கமாக இருந்தால்.

அந்த 14700கேஎஃப் பற்றி யாரும் பேசவே இல்லையே?

சிம்லிம் பழசு · சனி, இரவு 7:40

நானே சொல்கிறேன். முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும் பிராசசர் அது. இந்தத் தம்பி கார்டு வரைந்து முடிக்கும் வரை அந்த 20 கோர்களும் கோப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலும் 13, 14ஆம் தலைமுறையில் மேல்வரிசைப் பிராசசர்களுக்கு மின்னழுத்தச் சிக்கலால் காலப்போக்கில் நிலைகுலையும் பிரச்சினை வந்தது. 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் சரி என்கிறார்கள். அது போர்டில் உட்காரும் சாக்கெட்டுக்கு இனிப் புதுப் பிராசசரும் வராது.

ரைசன் 5 7600 எடு. ஆறு கோர், பெட்டிக்குள்ளேயே கூலர், அதிகபட்சம் 88 வாட். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027க்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முன்பு ஏஎம்4இல் 2017இல் போர்டு வாங்கியவர்கள் பலர் 2022இல் வந்த 5800எக்ஸ்3டியைப் பயாஸ் புதுப்பித்து அதே போர்டில் போட்டார்கள். நீ படிப்பை முடித்துச் சம்பளம் வாங்கும்போது பழைய 7800எக்ஸ்3டி ஒன்று வாங்கிச் செருகிவிடலாம்.

ஃப்ரேம் பைத்தியம் · சனி, இரவு 7:52

7500எஃப் இன்னும் மலிவு. அதே ஆறு கோர்.

மலர் உட்லண்ட்ஸ் · சனி, இரவு 8:05

மலிவுதான். ஆனால் 7500எஃப்பில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, 7600இல் உண்டு. விளையாட உதவாது, படம் காட்ட மட்டும். கட்டி முடித்துப் படம் வரவில்லை என்றால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் கேபிளைச் செருகிப் பார்க்கலாம். முதல் முறை கட்டுபவருக்கு அந்தச் சின்ன வசதி பெரிய நிம்மதி. விலை வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் 7500எஃப்.

உள்ளூர் அப்பா · சனி, இரவு 9:10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனும் இதே பல்லவி பாடுகிறான். எனக்கு ஒரே கேள்வி, இதனால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

மலர் உட்லண்ட்ஸ் · சனி, இரவு 9:22

இந்தத் தம்பி கட்டப்போகும் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். பிராசசர் 88 வாட், கார்டு 160 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 60, திரை 40. 350 வாட் என்று வைப்போம். தினமும் நான்கு மணி நேரம் விளையாடினால் 1.4 யூனிட், மாதம் 42 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்றால் 12.60 வெள்ளி. அது முழு பாரத்தில். வெலரன்ட் அவ்வளவு இழுக்காது.

ஆனால் சார், கணினி சுடுகிறது என்று அவர் அறைக்கதவைச் சாத்தி ஏர்கான் போடுவார் பாருங்கள், அந்தக் கணக்கு தனி.

உள்ளூர் அப்பா · சனி, இரவு 9:25

ஏற்கெனவே போடுகிறான். நன்றி அம்மா.

நீலத்திரை · சனி, இரவு 10:00

சூடு பற்றிப் பேச்சு வந்ததால் கேஸுக்கு வருகிறேன். இணையத்தில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் நடப்பவை. வீவக அடுக்குமாடி வீட்டில் ஏர்கான் இல்லாத அறை மதியத்தில் 31 டிகிரி. காற்றால் குளிர்விக்கும் எதுவும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது, வாட்டர் கூலரும் கடைசியில் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. ஆகவே அங்கே 70 காட்டினால் இங்கே 80 என்று எண்ணிக்கொள்.

அதனால்தான் முன்பக்கம் கண்ணாடி வைத்த கேஸ் எனக்கு ஆகாது. காற்று வரும் வழியை அடைத்துவிட்டு ஏழு விசிறி வைத்து என்ன பயன்? வலை முகப்பு, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி. போதும். ப்ளாக்கில் கீழ்மாடி என்றால் மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டியிருக்கும்.

360 மிமீ வாட்டர் கூலர் வேண்டாம். 88 வாட்டுக்குப் பெட்டியில் வரும் கூலரே தாங்கும், சத்தம் மட்டும் கொஞ்சம். சத்தம் பொறுக்கவில்லை என்றால் ஒற்றைக் கோபுர ஏர் கூலர் ஒன்றைப் பிறகு வாங்கி மாட்டலாம்.

தெம்பனிஸ் தம்பி · சனி, இரவு 10:20

ஈரப்பதத்தால் உள்ளே ஷார்ட் ஆகும் என்று சித்தப்பா பயமுறுத்துகிறார். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடச் சொல்கிறார்.

நீலத்திரை · சனி, இரவு 10:31

ஓடும் கணினி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடு. சூடான பொருளில் நீர் படியாது. சித்தப்பாவுக்கு என் வணக்கம், பொட்டலம் வேண்டாம். விசிறியில் மாட்டிக்கொள்ளும்.

சிம்லிம் பழசு · ஞாயிறு, காலை 9:15

பவர் சப்ளையில் மட்டும் பேரம் பேசாதே. 850 வாட் பிளாட்டினம் உனக்கு அதிகம், 650 வாட் கோல்டு தாராளம். கோல்டு, பிளாட்டினம் என்கிற 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்லும், உள்ளே பாதுகாப்பு எப்படி என்று சொல்லாது. நான் பார்ப்பது உத்தரவாத வருடம். ஏழு, பத்து வருடம் தருகிறவன் தன் பொருளை நம்புகிறான். இரண்டு வருடம் என்றால் தள்ளிப் போ.

பிறகு இது முக்கியம்: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளை என்றால், அதோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்து. நண்பனிடம் நீளமான கேபிள் இருக்கிறது என்று வாங்கிச் செருகாதே. செருகும் வாய் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே கம்பி வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். போர்டும் எஸ்எஸ்டியும் ஒரே நொடியில் போய்விடும்.

எஸ்எஸ்டி: ஜென்4, 1 டிபி. அதைவிட வேகமான ஜென்5 விளையாட்டுக்கு வீண், சூடும் அதிகம்.

மலர் உட்லண்ட்ஸ் · ஞாயிறு, காலை 9:50

மதர்போர்டு பி650 அல்லது பி850, எது மலிவோ அது. ஒரே நிபந்தனை, வைஃபை உள்ளது எடுங்கள். முடிந்தால் கேபிளே இழுங்கள். வெலரன்ட் சர்வர் சிங்கப்பூரிலேயே இருக்கிறது, பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் நேரம், ஒற்றை இலக்க மில்லிநொடியில் வர வேண்டும். வராமல் போனால் அநேகமாக உங்கள் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வீட்டுக்குள் இருக்கும் பொம் ஷெல்டர் (குண்டு காப்பறை) சுவர் நிற்கும். அந்தக் கான்கிரீட்டைத் தாண்டி வைஃபை வருவதற்குள் சுட்டுவிடுவார்கள்.

தெம்பனிஸ் தம்பி · ஞாயிறு, காலை 11:05

புதுப் பட்டியல்:

ரைசன் 5 7600, பெட்டிக் கூலர்
பி650 போர்டு, வைஃபையோடு
டிடிஆர்5 6000, இரண்டு 16 ஜிபி
ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி
ஜென்4 எஸ்எஸ்டி 1 டிபி
650 வாட் கோல்டு
வலை முகப்பு கேஸ், மூன்று விசிறி
27 அங்குலம், 1440பி, 180 ஹெர்ட்ஸ்

இணையக் கடைகளில் பார்த்த விலையைக் கூட்டினால் 2,300க்குள் நிற்கிறது, 40 வெள்ளி மிச்சம். சிம் லிம் கட்டடத்துக் கடைகளில் வாங்கவா, இணையத்தில் வாங்கவா?

ஜூரோங் கெழுவர் · ஞாயிறு, காலை 11:30

சிம் லிம் என்றாலே எனக்கு ஒவ்வாது. போன் வாங்கப் போய் ரசீதில் இல்லாத கட்டணத்தையெல்லாம் கட்டிவிட்டு வந்தவன் நான்.

சிம்லிம் பழசு · ஞாயிறு, மதியம் 12:10

கீழ்த்தளத்துப் போன் கடை வேறு, மேல்தளத்துப் பாகக் கடை வேறு. பாகம் விற்பவர்களிடம் அச்சடித்த விலைப்பட்டியல் இருக்கும், எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் கோபிக்கமாட்டார்கள். ரோச்சோர் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே. தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே வரலாம். ஞாயிறு மதியம் வேண்டாம், வார நாளில் போ, ஆள் நின்று பதில் சொல்வார்.

விலையில் இணையம் சில நேரம் ஜெயிக்கும். ஆனால் நீ கேட்க வேண்டியது, உத்தரவாதத்தை யார் பார்ப்பார்கள் என்று. இங்கே பெரும்பாலும் கடை பார்க்காது, உள்ளூர் விநியோகஸ்தர் பார்ப்பார். பெட்டியில் அவர் ஸ்டிக்கர் இருக்கிறதா பார். வெளிநாட்டிலிருந்து தருவித்த கார்டு என்றால் கெட்டுப்போனால் அங்கேயே திருப்பி அனுப்பச் சொல்வார்கள், அஞ்சல் செலவு உன்னுடையது. 400 வெள்ளிக்குக் கீழே உள்ள பொருளை வெளியிலிருந்து தருவித்தால் வரி இல்லை என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து அதற்கும் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுத்தால் சில கடைகள் கட்டிக் கொடுப்பார்கள். ஆனால் நீயே கட்டு.

மலர் உட்லண்ட்ஸ் · ஞாயிறு, மதியம் 12:40

கட்டும்போது ஒன்று மட்டும். ஏஎம்5இல் ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. விரல் படாதபடி பிராசசரை மெதுவாக வைத்து மூடுங்கள், அழுத்த வேண்டாம். மேலே இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டை உத்தரவாதத்துக்கு அனுப்ப நேர்ந்தால் அது இருக்க வேண்டும். ரேம் குச்சிகள் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது பள்ளத்தில்.

தெம்பனிஸ் தம்பி · வியாழன், இரவு 11:48

வாங்கிவிட்டேன், கட்டிவிட்டேன். நேற்று சிம் லிம்மில் எல்லாம் எடுத்தேன், திரை மட்டும் இணையத்தில். ஆனால் இப்போது பிரச்சினை. விசிறி எல்லாம் சுற்றுகிறது, திரை கறுப்பு. போர்டில் மஞ்சள் விளக்கு, பக்கத்தில் டிராம் (ரேம்) என்று எழுதியிருக்கிறது. இரண்டு முறை அணைத்துப் போட்டேன்.

நீலத்திரை · வியாழன், இரவு 11:53

அணைக்காதே! முதல் முறை போர்டு ரேமோடு பழகிக்கொள்கிறது. டிடிஆர்5இல் அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். நீ அணைக்கும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். போட்டுவிட்டுப் போய்க் குளி. கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் ஒரு குச்சியை மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

தெம்பனிஸ் தம்பி · வெள்ளி, இரவு 12:09

வந்துவிட்டது லா! பயாஸ் தெரிகிறது! ரேம் 4800 என்று காட்டுகிறது, 6000 தானே வாங்கினேன்?

நீலத்திரை · வெள்ளி, இரவு 12:14

பயாஸில் எக்ஸ்போ என்று இருக்கும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு, அதைத் திற. மறுபடி சில நிமிடம் கறுப்பாகும், பயப்படாதே.

தெம்பனிஸ் தம்பி · சனி, மாலை 3:30

விண்டோஸ் 11 போட்டாயிற்று. எல்டன் ரிங் வழுக்கிக்கொண்டு போகிறது, கார்டு 66 டிகிரி, ஏர்கான் இல்லாமல். இரண்டு விஷயம். திரை 180 ஹெர்ட்ஸ் என்றார்கள், மவுஸை நகர்த்தினால் பழைய மடிக்கணினி மாதிரியே இருக்கிறது. வெலரன்ட் திறந்தால் செக்யூர் பூட் இல்லை என்று வெளியே தள்ளுகிறது.

மலர் உட்லண்ட்ஸ் · சனி, மாலை 3:55

முதல் விஷயம்: விண்டோஸ் புதுத் திரையை 60 ஹெர்ட்ஸிலேயே வைத்திருக்கும். டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 180 என்று மாற்றுங்கள். அங்கே 180 இல்லவே இல்லை என்றால் எச்டிஎம்ஐ கேபிளை விட்டுவிட்டு, திரையோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் போடுங்கள். போடும்போது கார்டில் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், போர்டில் செருகினாலும் படம் வரும், ஆனால் விளையாட்டு நகராது.

இரண்டாவது: விண்டோஸ் 11இல் வெலரன்ட்டுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். டிபிஎம் உங்கள் போர்டில் ஏற்கெனவே திறந்திருக்கும். பயாஸில் சிஎஸ்எம் (பழைய தொடக்க முறை) மூடியிருக்கிறதா பார்த்துவிட்டு, செக்யூர் பூட்டைத் திறந்து, இயல்புச் சாவிகளை ஏற்றச் சொல்லும் வரியை ஒருமுறை அழுத்திச் சேமியுங்கள்.

தெம்பனிஸ் தம்பி · சனி, மாலை 4:20

எச்டிஎம்ஐதான் போட்டிருந்தேன். மாற்றியதும் 180 வந்துவிட்டது. வெலரன்ட்டும் திறந்துவிட்டது. இப்போது நண்பர்கள் காத்திருக்கிறார்கள், இரவு வந்து படம் போடுகிறேன்.

ஃப்ரேம் பைத்தியம் · சனி, மாலை 4:24

படம் இருக்கட்டும், பிங் எவ்வளவு?

தெம்பனிஸ் தம்பி · சனி, இரவு 8:02

வைஃபையில் 30க்கும் 90க்கும் நடுவில் குதிக்கிறது. பொம் ஷெல்டர் சுவரேதான். மிச்சமிருந்த 40 வெள்ளியில் 20 மீட்டர் கேபிள் வாங்கப் போகிறேன். கதவு ஓரமாக இழுக்க அம்மா சம்மதிக்க வேண்டும்.